கடனை நடுக்கூடத்தில் வைப்போம்

(ஹவுராவின் சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடனைப் பற்றிப் பேசுங்கள் என்று இங்கிருந்து சிலர் என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். எனக்குக் கடன் இருக்கிறது என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. "பக்கத்து பிளாக்கில் ஒருவர் ரொம்பக் கஷ்டப்படுகிறார்" என்றுதான் ஒவ்வொருவரும் ஆரம்பித்தார்கள். கூட்டுறவுக் கடன் சங்கக் கணக்குகளோடு என் பணிக்காலத்தைக் கழித்தவன் நான். அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். இன்றைய பேச்சு முழுவதும் அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான். பெரிய கடனை அடைக்கக் கையில் பணம் வேண்டும், உண்மை. ஆனால் ஐந்து வருஷம், ஏழு வருஷம் மனம் தளராமல் அடைத்துக்கொண்டே போக வேண்டுமானால், அந்தக் கடன் முழுவதும் இன்னொரு மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஹூக்ளி ஆற்றுக்கு அந்தக் கரையில், ஜோராசாங்கோவில் இருக்கிறது தாகூர் குடும்பத்து வீடு. நம்மில் பலர் பிள்ளைகளை அழைத்துப் போய் ரவீந்திரர் பிறந்த வீடு என்று காட்டியிருக்கிறோம். அது கடனில் மூழ்கி எழுந்த வீடு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கலாம்.

ரவீந்திரரின் தாத்தா துவாரகநாத் தாகூர். கப்பல், நிலக்கரி, அவுரி, வங்கி என்று அவர் கால் வைக்காத தொழில் குறைவு. கார் தாகூர் கம்பெனி அவருடையது. யூனியன் வங்கியை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். 1846இல் லண்டனில் காலமானார். அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் கல்கத்தாவின் வணிக நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. 1848 தொடக்கத்தில் யூனியன் வங்கி விழுந்தது, கார் தாகூர் கம்பெனியும் விழுந்தது. மூத்த மகன் தேவேந்திரநாத்துக்கு அப்போது முப்பது வயது. கம்பெனி கொடுக்க வேண்டியது ஒரு கோடி ரூபாய், வர வேண்டியது எழுபது லட்சம், துண்டு விழுவது முப்பது லட்சம் என்று தேவேந்திரநாத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அன்றைய முப்பது லட்சம் என்றால் எவ்வளவு பெரிய தொகை என்று நினைத்துப் பாருங்கள்.

துவாரகநாத் தொலைநோக்கு உள்ளவர். வியாபாரம் கவிழ்ந்தாலும் பிள்ளைகள் தெருவுக்கு வரக்கூடாது என்று 1840இலேயே சில ஜமீன் பகுதிகளை அறக்கட்டளைப் பத்திரம் எழுதித் தனியே காப்பாற்றி வைத்திருந்தார். காளிகிராம், ஷாஜாத்பூர், பிராகிம்பூர் எல்லாம் அதில் அடக்கம். கடன் கொடுத்தவர் எவரும் சட்டப்படி அந்தச் சொத்தைத் தொட முடியாது. கடன் கொடுத்தவர்களைக் கூட்டிக் கணக்கு வாசித்தபோது இந்த விவரமும் வாசிக்கப்பட்டது. அங்கேயே தேவேந்திரநாத்தும் தம்பி கிரீந்திரநாத்தும், சட்டம் காப்பாற்றும் சொத்தையும் சேர்த்து ஒப்படைக்கிறோம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடனைத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

கடன் கொடுத்து ஏமாந்த மனிதர்கள் கூடிய அறை அது. எவ்வளவு கோபத்தோடு வந்திருப்பார்கள்! ஆனால் பணத்தை இழந்த அவர்களிலேயே சிலர் கண்கலங்கினார்கள் என்று தேவேந்திரநாத் எழுதுகிறார். அவர்கள் வீட்டை ஏலம் போட்டுவிட்டுப் போகவில்லை. சொத்தை நிர்வகிக்க ஏற்பாடு செய்து, குடும்பச் செலவுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் ஒதுக்கினார்கள். பிறகு நிர்வாகத்தையே அண்ணன் தம்பிகளிடம் திருப்பிக் கொடுத்தார்கள். கணக்கை மறைத்திருந்தால் எதிரிகளாகவே நின்றிருப்பார்கள். முழுதாகத் திறந்து காட்டியதால், கடன் கொடுத்தவர்களே கடன் அடைய வேண்டும் என்று கவலைப்படுகிறவர்களாக மாறினார்கள்.

அதன் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வண்டிகளும் வீட்டுச் சாமான்களும் விற்பனைக்குப் போயின. வேலைக்காரர்கள் குறைக்கப்பட்டார்கள், சாப்பாட்டு மேசையில் இருந்ததும் குறைந்தது. கணக்கைப் பார்த்துக்கொண்ட தம்பி 1854இல் இறந்துபோனார். ஒரு கட்டத்தில் கடன் கொடுத்த ஒருவர் வாரண்டோடு வந்து தேவேந்திரநாத்தைப் பிடித்துக்கொண்டு போனதும் உண்டு. உறவினர்கள் ஜாமீன் நின்று மீட்டார்கள். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் அடைத்தார். தகப்பனார் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அது கடன்கூட இல்லை, வெறும் வாக்கு. அதையும் வட்டியோடு சேர்த்துக் கொடுத்தார்.

இதில் இன்னொரு செய்தி இருக்கிறது. அன்று கடன் கொடுத்தவர்கள் முன் வைத்த காளிகிராமத்தின் தலைமை இடம் பதிசர், இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. 1905இல் அதே பதிசரில்தான் ரவீந்திரர் குடியானவர்களுக்காக விவசாய வங்கி தொடங்கினார். வட்டிக்காரர்களிடம் சிக்கிய மக்களை மீட்க வேண்டும் என்பதே நோக்கம். 1913இல் நோபல் பரிசு கிடைத்தபோது அந்தப் பணத்தைக் கொண்டுபோய் அங்கேதான் போட்டார், வட்டி சாந்திநிகேதன் பள்ளிக்கு வரட்டும் என்று. அந்த முதல் முழுதாகத் திரும்பி வரவில்லை. இருந்தாலும், கடன் பட்டுக் கரையேறிய வீட்டுப் பிள்ளை, கடன் பட்டவர்கள் பக்கமாக வந்து நின்றார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஜமீன்தார் வீட்டுக் கதை நமக்கு எதற்கு என்று தோன்றலாம். சம்பளக்காரர் கதைக்கு வருகிறேன், அதுவும் இந்த ஹவுராவிலேயே.

1929இல் விட்லி என்பவர் தலைமையில் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய அரச ஆணையம் அமைத்தார்கள். 1931இல் அறிக்கை வந்தது. தொழில் நகரங்கள் பெரும்பாலானவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத தொழிலாளர்கள் கடனில் இருக்கிறார்கள், பெரும்பாலோரின் கடன் மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல் என்று அதில் எழுதினார்கள். சம்பள நாளன்று ஆலை வாசலில் வட்டிக்காரர்கள் தடியோடு காத்திருந்த காலம் அது. இந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1934ஆம் ஆண்டின் வங்காளத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கல்கத்தா, ஹவுரா முதலிய தொழிற்பகுதிகளில், கடன் வசூலிப்பதற்காக வேலையிடத்து வாசலைச் சுற்றி நிற்பதையே அந்தச் சட்டம் குற்றமாக்கியது. உங்கள் தாத்தாக்கள் பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் கலாசியாகவும் கிளார்க்காகவும் சேர்ந்து இந்தப் பக்கம் குடிவந்த காலம் அதுதான்.

வாசலில் தடியோடு நின்றவர் இன்று போனுக்குள் வந்துவிட்டார். லோன் ஆப்பிலிருந்து மெசேஜ் வருகிறது, கார்டு கம்பெனியிலிருந்து கால் வருகிறது. ஆனால் அன்று வாசலில் நின்றவரை ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற எல்லோரும் பார்த்தார்கள், யாருக்குக் கடன் என்று ஊருக்கே தெரிந்தது. இன்று ஒருவர் எட்டு லட்ச ரூபாய்க் கடனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குக்கூடத் தெரியாமல் இரண்டு வருஷம் காலம் தள்ள முடியும். எனக்குப் பயம் தருவது இதுதான்.

இங்கே வாழ்கிற நமக்கு இது இரட்டைச் சுமை. சென்னை 1,600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஊரில் நம்மை "கல்கத்தாவில் ரயில்வே உத்தியோகம்" என்கிறார்கள். தங்கை கல்யாணம், குலதெய்வக் கோயில் கொடை, மச்சினன் வீட்டுக் காதுகுத்து என்று எல்லாவற்றுக்கும் அந்த உத்தியோகத்துக்குத் தக்க கை நீள வேண்டியிருக்கிறது. மொய் குறைந்தால் பேச்சு வரும். இங்கே பக்கத்து வீட்டுக்காரரும் நம் ஊர்க்காரர், அவரிடம் சொன்னால் ரயில் ஏறுவதற்குள் செய்தி ஊருக்குப் போய்விடும் என்று பயம். ஆக, ஊருக்கும் சொல்ல முடியாமல் இங்கேயும் சொல்ல முடியாமல் மனிதன் நடுவில் நிற்கிறான்.

நான் நன்றாக அறிந்த ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் டெக்னீசியன். தங்கை கல்யாணத்துக்குச் சங்கத்தில் ஒரு கடன், நகை அடகில் ஒன்று, பாங்கில் பர்சனல் லோன், எடுத்து முடித்த சீட்டுக்கு மாதாமாதம் கட்ட வேண்டியது, கிரெடிட் கார்டு, கடைசியாக அதையெல்லாம் சமாளிக்க மீட்டர் வட்டிக்கு ஒரு தொகை. மனைவிக்குத் தெரிந்தது சங்கக் கடன் மட்டும். அடகுக் கடையிலிருந்து ஏல நோட்டீஸ் வந்த அன்றுதான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. அந்த அம்மா அழுதார்கள், சண்டை போட்டார்கள், மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் திருநெல்வேலியில் இருக்கும் தம் அண்ணனுக்குப் போன் போட்டார்கள். அந்த அண்ணன் சொன்ன பதிலை அந்தக் கணவர் பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்: "மாப்ள, எங்கிட்ட பணம் இல்ல. ஆனா ஊர்ல எவன் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிடுதேன். இந்த வருசம் கொடைக்கு வரி கேட்டு உனக்குப் போன் வராது. நீ அடைக்கிற வேலைய மட்டும் பாரு."

ஒரு ரூபாய் கொடுக்கவில்லை அந்த மனிதர். ஆனால் அவர் செய்த உதவிக்கு விலை கிடையாது. கடனில் இருப்பவரைச் சுற்றி எத்தனையோ எதிர்பார்ப்புகள் நிற்கின்றன. அவற்றுக்கு முன்னால் வந்து நின்று, கேள்வியைத் தான் வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் போதும், மனிதன் நிமிர்ந்துவிடுகிறான்.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் கதையும் இப்படிப்பட்டதுதான். 1894இல் அவருடைய பதிப்பகம் திவாலானது. அச்சுக்கோக்கும் இயந்திரம் ஒன்றில் போட்ட பெரும்பணமும் போனது. கடன் ஒரு லட்சம் டாலரை ஒட்டி இருந்தது. ஒரு பகுதியை மட்டும் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருந்தது. மனைவி ஒலிவியா ஒப்பவில்லை, முழுதாகக் கொடுக்க வேண்டும் என்றார். நண்பர் ஹென்றி ரோஜர்ஸ், பெரிய எண்ணெய் வணிகர், வரவு செலவு முழுவதையும் தம் கையில் எடுத்துக்கொண்டு கடன் கொடுத்தவர்களோடு பேசினார். அறுபது வயதை நெருங்கிய எழுத்தாளர், பத்திரிகைக்காரர்களிடம் முழுக்க அடைப்பேன் என்று அறிவித்துவிட்டு, உலகைச் சுற்றிச் சொற்பொழிவுக்குக் கிளம்பினார். 1896 பிப்ரவரியில் நம் கல்கத்தாவுக்கும் வந்து பேசினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் மகள் சூசி இறந்தாள், அவரால் பக்கத்தில் இருக்க முடியவில்லை. அந்தத் துக்கத்தோடும் எழுதினார். 1898 தொடக்கத்தில் கடன் தீர்ந்தது. பணத்தைச் சம்பாதித்தது அவர்தான். ஆனால் பொழுது விடிந்தால் கடன் கொடுத்தவர் முகத்தில் விழிக்க வேண்டியிருந்தால் அவரால் எழுதியிருக்க முடியுமா? அந்த இடத்தில் ரோஜர்ஸ் நின்றார்.

இனி கணக்குக்கு வருவோம். மனத்தைப் பற்றிப் பேசும்போது கணக்கை விட்டுவிடக்கூடாது. கணக்குத் தெரியாத நம்பிக்கை ஆறு மாதத்தில் உடைந்துவிடும்.

கிரெடிட் கார்டில் ஒரு லட்சம் ரூபாய் நிலுவை என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது 3,500 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 630 ரூபாய். குறைந்தபட்சத் தொகை என்று 5,000 ரூபாய் கட்டுகிறீர்கள். அசலில் கழிவது 870 ரூபாய். நிலுவையில் இருக்கிற கார்டிலேயே மறுபடி பொருள் வாங்கினால் அந்த 870ம் போய்விடும். "மாசா மாசம் ஒழுங்காத்தான் கட்டுறேன், குறையவே மாட்டேங்குதே" என்று சொல்பவர் சோம்பேறியும் இல்லை, துரதிருஷ்டசாலியும் இல்லை. கணக்கு அப்படித்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே வட்டி அதிகமான கடனை முதலில் அடைப்பதே லாபம் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்வார். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். ஆனால் 2012இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கால், பிளேக்லி மெக்‌ஷேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பல கடன்களில் சிக்கிய ஆயிரக்கணக்கான அமெரிக்கர்களின் கணக்குகளைப் பார்த்தார்கள். எவ்வளவு தொகை அடைத்தார்கள் என்பதைவிட, எத்தனை கணக்குகளை முழுதாக முடித்தார்கள் என்பதே, கடைசிவரை தாக்குப்பிடித்து எல்லாக் கடனையும் தீர்ப்பவர் யார் என்பதைக் காட்டியது. சின்னக் கடன் ஒன்றை வேரோடு முடித்துவிட்டால் மனத்துக்கு மூச்சு வருகிறது. நம் அனுபவமும் அதுதானே? அடகிலிருந்து ஒரு கம்மலைத் திருப்பிக் கொண்டுவந்த அன்று வீட்டில் இருக்கும் முகத்தெளிவை நினைத்துப் பாருங்கள்.

என் தீர்ப்பு இது. மீட்டர் வட்டி, கந்துவட்டி இருந்தால் அதற்குத்தான் முதலிடம், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. குறைந்த வட்டிக்குச் சங்கத்தில் கிடைத்தால் அதை வாங்கி இதை மூடலாம். அதன்பின் மிகச் சிறிய கடனை முடியுங்கள். அந்தத் தெம்போடு கார்டுக்குப் போங்கள். சங்கக் கடன் சம்பளத்தில் பிடித்தமாகவே போகட்டும், கையில் வராத பணத்துக்கு மனம் பழகிக்கொள்ளும்.

கடனை அடைக்க இன்னொருவர் துணை வேண்டும் என்றதும் பெண்களின் குழுக் கடன் சிலருக்கு ஞாபகம் வரும். இந்த மண்ணிலேயே அதற்குப் பெரிய வரலாறு உண்டு. 2001இல் பக்கத்து ஹூக்ளி மாவட்டக் கொன்னகரில் சந்திரசேகர் கோஷ் சிறிதாகத் தொடங்கிய பந்தன் என்ற குழுக்கடன் அமைப்பு, 2015இல் வங்கியானது. வாரக் கூட்டத்தில் பத்துப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து கிஸ்தி கட்டும்போது கடன் ரகசியமாக இருக்க முடியாது, ஒருத்திக்கு ஒருத்தி துணை என்பது உண்மை. அதே குழு ஒருத்தியை மிரட்டும் கூட்டமாகவும் ஆகிவிடுகிறது என்பதும் உண்மை. 2010இல் ஆந்திராவில் வசூல் நெருக்கடி தாங்காமல் உயிர்கள் போயின, அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. கூட்டம் மட்டும் இருந்தால் துணை ஆகிவிடாது. தவணை தவறிய வாரத்தில் அவளோடு எப்படிப் பேசுகிறார்கள் என்பதில்தான் துணை இருக்கிறது.

சட்டமும் ஒரு துணை. கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது: நிலுவைக் கடனுக்காக வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக்கூடாது, மிரட்டக்கூடாது, அவமானப்படுத்தக்கூடாது, உறவினர் நண்பர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது. குறுங்கடன்களில், குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் தரக்கூடாது என்றும் அதே ஆண்டு விதித்தது. தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003இலேயே சட்டம் உண்டு. கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. இன்னும் பின்னே போனால், 1938இல் ராஜாஜி கொண்டுவந்த சென்னை மாகாண விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தில், அசலைப் போல இரண்டு மடங்கு கட்டிவிட்ட விவசாயியின் கடன் தீர்ந்ததாகவே கொள்ளப்பட்டது. கடன்பட்டவர் குற்றவாளி அல்ல என்பது நம் சட்டத்துக்குப் பழைய செய்தி. நம் வீடுகளுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

துணை நிற்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடனைச் சொன்னவரிடம் "எதுக்கு வாங்கினே?" என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர் தன்னிடமே ஆயிரம் இரவு கேட்டிருப்பார். "மொத்தம் எவ்வளவு, யாருக்கு, என்ன வட்டி?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். கைமாற்றுக் கொடுத்து அதை இன்னொரு கடனாக ஆக்காதீர்கள். மாதம் ஒருமுறை அந்த நோட்டோடு உட்காருங்கள். தவணை தவறிய மாதத்தில் கட்டாயம் உட்காருங்கள், ஏனென்றால் அந்த மாதம்தான் அவர் உங்களைப் பார்க்காமல் ஒதுங்கிப் போவார். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, "நான் போயிட்டா எல்லாம் சரியாயிடும்" என்கிற மாதிரி ஒரு பேச்சு வந்தால், நோட்டை மூடிவிட்டு அவர் கூடவே இருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். அரசு நடத்துகிற இலவசச் சேவை, தமிழிலும் பேசலாம்.

பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். முழுத் தொகை வேண்டாம், "மூணு வருஷம் கொஞ்சம் பிடிச்சுப் பிடிச்சுச் செலவு பண்ணுவோம்" என்று சொன்னால் போதும். சந்தோஷத்தையும் மொத்தமாகத் தள்ளிவைக்காதீர்கள். பொங்கலுக்குப் பொங்கல் வையுங்கள். குளிர்காலத்தில் நம் சாந்த்ராகாச்சி ஏரிக்கு வந்து இறங்கும் சீழ்க்கைச் சிறகிகளைப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டியதில்லை, பிள்ளைகளோடு போய் நின்று பாருங்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஆறு மாதம் இருக்கலாம், ஆறு வருஷம் இருக்க முடியாது.

மானம் போய்விடுமே என்பவர்களுக்கு வ.உ.சி.யை நினைவூட்டுகிறேன். கப்பல் ஓட்டிய அந்த மனிதர், 1936இல் கண்மூடுவதற்கு முன் எழுதிய உயிலில், யார் யாருக்குத் தாம் பாக்கி என்று கடைக்காரர் பாக்கி உட்பட எழுதி வைத்தார். அதைப் படித்தவர் எவருக்கும் அவர் மேல் மரியாதை குறைந்ததில்லை.

கடைசியாக ஓர் ஏற்பாடு. சம்பளம் வந்த பின் வரும் முதல் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு இதே கூடத்தில் நானும், ஓய்வுபெற்ற இன்னும் இரண்டு கணக்கு அலுவலர்களும் உட்கார்ந்திருப்போம். இதற்குக் கட்டணம் கிடையாது, வருபவர் பெயரை எங்கும் எழுத மாட்டோம், வெளியே பேச மாட்டோம். கணவரும் மனைவியும் சேர்ந்து வந்தால் நல்லது. சம்பளச் சீட்டு, அடகு ரசீது, கார்டு பில், ஆப் கடன் என்றால் அந்தப் போன், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். வரிசைப்படுத்தி எழுதித் தருகிறோம். சங்கத்திலோ பாங்கிலோ தவணையை நீட்டிக் கேட்க மனு எழுத வேண்டுமானால், வங்காள மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தர இங்கே படித்த பிள்ளைகள் இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால், "பக்கத்து பிளாக்கில் ஒருவருக்கு" என்று சொல்லிக்கொண்டே வாருங்கள். அப்படி வந்தாலும் உட்கார வைத்துக் கணக்குப் போடுவோம்.